மீன்தொட்டியில் மண்ணும் செடியும்: ஒரு நூலாய்வு

ஹைட்ரில்லாச் சோதனையை நீங்கள் அறிவீர்கள். முகவையில் நீர், அதனுள் ஹைட்ரில்லாச் செடி, அதன்மேல் கவிழ்த்த புனல், புனலின்மேல் நீர் நிரம்பிய சோதனைக் குழாய். வெயிலில் வைத்தால் குமிழிகள் எழுந்து குழாயில் ஆக்சிஜன் சேரும். இச்சோதனையைக் கற்ற மாணவரிடம், "மீன்தொட்டியில் செடி எதற்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "மீனுக்கு ஆக்சிஜன் தருவதற்கு" என்று உடனே விடை வரும். அவ்விடை தவறன்று, ஆனால் முதன்மையான விடையும் அன்று. முதன்மையான விடையை விரிவாக ஆராயும் நூல் ஒன்று உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த டயானா வால்ஸ்டாட் எழுதி 1999-இல் வெளிவந்த 'எகாலஜி ஆஃப் தி பிளான்டட் அக்வேரியம்' என்பதே அது. அந்நூல் கூறுவது யாது, அது காரைக்குடி போன்ற வெப்பமான ஊரில் வாழும் நமக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை இங்கு ஆராய்வோம்.

பழைய கொள்கையும் அதன் வீழ்ச்சியும்

1850-இல் இலண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார் ஒரு தொட்டியில் தங்கமீன்களையும் வாலிஸ்னேரியாச் செடியையும் வளர்த்தார். அழுகும் இலைகளைத் தின்பதற்கு நத்தைகளையும் விட்டார். செடி ஆக்சிஜன் தரும். மீன் கரியமில வாயு தரும். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். இதிலிருந்து 'சமநிலை மீன்தொட்டி' என்னும் கொள்கை பரவியது. அழகான கொள்கை, ஆனால் அரைகுறையானது. இரவில் செடியும் மீனைப் போலவே ஆக்சிஜனை உட்கொள்கிறது. அப்போது மீனைக் காப்பது எது? நீரின் மேற்பரப்பு. காற்றிலிருந்து ஆக்சிஜன் அதன் வழியே கரைந்து இறங்குகிறது; கரியமில வாயு வெளியேறுகிறது. இதை வலியுறுத்தி 1949-இல் ஜேம்ஸ் அட்ஸ் என்ற அமெரிக்க மீனியலார், சமநிலை மீன்தொட்டி ஒரு கட்டுக்கதை என்றே எழுதினார்.

அப்படியானால் செடி வெறும் அலங்காரந்தானா? இவ்வினாவுக்கு வால்ஸ்டாட்டின் நூல் நல்ல விடை தருகிறது.

நூலின் மையக் கருத்து

மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. கடையில் விற்கும் வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இம்மாற்றத்தில் அவை ஆற்றலைப் பெறுகின்றன. செடியோ அந்த நைட்ரேட்டைக் கொண்டு புரதம் கட்ட வேண்டுமானால், அதை மீண்டும் அம்மோனியமாக ஒடுக்க வேண்டும். அதற்கு ஆற்றலைச் செலவிட வேண்டும். மேலே ஏற்றிய நீரைக் கீழே கொட்டிவிட்டு, மறுபடியும் இறைப்பது போன்றது இது. ஆகவே நீர்த்தாவரங்கள் பலவும் வாய்ப்புக் கிடைத்தால் அம்மோனியத்தையே முதலில் எடுத்துக்கொள்கின்றன என்பதை வால்ஸ்டாட் ஆய்வு முடிவுகளைத் தொகுத்துக் காட்டுகிறார். செழித்து வளரும் செடியே வடிகட்டி என்பது அவர் முடிபு. ஆக்சிஜனைக் காற்றிலிருந்தும் பெறலாம். நஞ்சை அகற்றும் இப்பணிதான் செடியின் பெரும்பணி.

இதிலிருந்து அவருடைய செய்முறை பிறக்கிறது. தொட்டியின் அடியில் ஏறத்தாழ ஓர் அங்குலம் சாதாரண மண்; அதன்மேல் ஓர் அங்குலம் பொடிக்கல்; முதல் நாளிலேயே நெருக்கமாக நட்ட செடிகள்; கொஞ்சம் மீன்கள். மீனுக்கு இடும் தீனியே செடிக்கு உரம். மண்ணில் மட்கும் பொருள்கள் கரியமில வாயுவைத் தருகின்றன. அழுத்தக் கலத்திலிருந்து அவ்வாயுவைச் செலுத்துவதும், திரவ உரங்களை அளந்து ஊற்றுவதும் வேண்டியதில்லை. ஜப்பானின் தக்காஷி அமானோ (1954–2015) புகழ்பெறச் செய்த எழில்மிகு தொட்டிகள் அவ்வழியில் அமைந்தவை. அவை கண்ணுக்கு விருந்து. ஆனால் எல்லாருடைய கைப்பொருளுக்கும் எட்டுபவை அல்ல. ஒரு கண்ணாடித் தொட்டியும் ஒரு விளக்கும் மட்டுமே வாங்க இயன்ற மாணவருக்கும் இக்கலையைத் திறந்துவிட்டதே இந்நூலின் முதற்சிறப்பு. காரணம் கூறாமல் எதையும் செய்யச் சொல்லாதது இரண்டாவது சிறப்பு.

ஐயத்திற்குரிய இயல்

செடிகள் சில வேதிப்பொருள்களை நீரில் விட்டுப் பாசியை அடக்குகின்றன என்னும் கருத்துக்கு ஆசிரியர் ஓர் இயலையே ஒதுக்குகிறார். இங்கு ஊகத்தின் பங்கு கூடுதல். செடியை அரைத்து எடுத்த செறிவான சாறு ஆய்வகத்தில் பாசியைத் தடுக்கலாம். ஆனால் தொட்டி நீரில் அப்பொருளின் செறிவு மிகக் குறைவு. செடி மிகுந்த தொட்டியில் பாசி குறைவது உண்மையே; அதற்கு நிழலும், உணவுப் போட்டியுமே போதுமான காரணங்களாக இருக்கலாம். மூன்றையும் பிரித்தறியக் கட்டுப்பாட்டுச் சோதனை வேண்டும். மாணவர்கள் இவ்வியலைப் படிக்கும்போது இவ்வினாவைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

நூல் எண்ணாத வெப்பம்

நமக்கு முக்கியமான குறை வேறொன்று. குளிர்காலத்தில் மீன்தொட்டிக்கு வெப்பமூட்டி தேவைப்படும் நாட்டில் இந்நூல் எழுதப்பட்டது. செட்டிநாட்டில் சித்திரை, வைகாசி மாதங்களில் பிற்பகல் நேரத்தில் தொட்டி நீர் 32 பாகை செல்சியஸைத் தாண்டுவது எளிது. 20 பாகையில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 32 பாகையில் 7.3 மில்லிகிராம்தான். அதே நேரத்தில் வெப்பத்தால் மீனின் தேவை மிகுகிறது. வரவு குறைகிறது, செலவு கூடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீரிலுள்ள மொத்த அம்மோனியா இரு வடிவங்களில் உள்ளது. அம்மோனியம் அயனி அதிகத் தீங்கற்றது. தனி அம்மோனியாவே நஞ்சு. நீரின் பி.எச். மதிப்பு 8 எனில், 20 பாகையில் நூற்றில் சுமார் 4 பங்கு நஞ்சு வடிவில் இருக்கும். 32 பாகையில் அது 8 பங்குக்கு மேல். வெயில் நேரத்தில் ஒளிச்சேர்க்கை கரியமில வாயுவைத் தீர்ப்பதால் பி.எச். மதிப்பும் உயர்கிறது. வெப்பமும் பி.எச். மதிப்பும் ஒருங்கே உச்சம் அடையும் பிற்பகலே மீனுக்கு ஆபத்தான வேளை. ஆகவே நம் ஊரில் மீன்களின் எண்ணிக்கையைக் குறைத்தே வைக்க வேண்டும். 60 லிட்டர் தொட்டிக்குக் கப்பி போன்ற சிறுமீன்கள் எட்டு அல்லது பத்துப் போதும்.

ஆவியாதல்: நண்பனும் பகைவனும்

60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 33 செ.மீ. உயரத்திற்கு நீர் நிரப்பினால் ஏறத்தாழ 60 லிட்டர் கொள்ளும். கோடையில் நாளொன்றுக்கு 3 மி.மீ. வற்றுவதாகக் கொள்வோம். மேற்பரப்பு 1,800 சதுர செ.மீ. ஆதலால் வற்றும் நீர் 540 கிராம். ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். மொத்தம் ஏறத்தாழ 13 இலட்சம் ஜூல். வெளியிலிருந்து வெப்பம் உட்புகாவிட்டால் 60 லிட்டர் நீரை இது 5 பாகை குளிர்விக்கும்! உண்மையில் வெப்பம் உட்புகுந்துகொண்டே இருக்கும். எனினும் மண்பானை நீர் குளிர்வது போலத் தொட்டியும் குளிர்கிறது. மூடியை எடுத்துவிட்டு, சிறு மின்விசிறியின் காற்றை நீர்ப்பரப்பின்மேல் படும்படி செய்வதே மலிவான குளிரூட்டி.

ஆனால் ஆவியாவது நீர் மட்டுமே. உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும். நாள்தோறும் 540 மில்லிலிட்டர் குழாய் நீரை ஊற்றி ஈடுசெய்தால், 110 நாள்களில் 60 லிட்டர் ஊற்றியிருப்போம். அதாவது, நான்கு மாதத்திற்குள் தொட்டியின் உப்புச் செறிவு இரு மடங்காகிவிடும். நீரை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை என்னும் ஆசிரியரின் அறிவுரை, கடினமான ஆழ்குழாய் நீரைப் பயன்படுத்தும் நம் வீடுகளுக்குப் பொருந்தாது. இதற்கு வழி நம் முன்னோர் வீட்டமைப்பிலேயே உள்ளது. செட்டிநாட்டு வீடுகளின் ஓட்டுச் சரிவிலிருந்து முற்றத்தில் விழும் மழைநீரைச் சேமித்து வைத்தார்கள் அல்லவா? வற்றிய அளவை மழைநீரால் ஈடுசெய்யுங்கள். அது இயலாதபோது, மாதம் ஒரு முறை நான்கில் ஒரு பங்கு நீரை வெளியேற்றிப் புதுநீர் ஊற்றுங்கள். குழாய் நீரில் குளோரின் கலந்திருந்தால் அதை நீக்கிய பிறகே ஊற்ற வேண்டும்.

நம் மண்ணும் நம் செடியும்

மண் பற்றிய இயல் நூலின் சிறந்த பகுதிகளுள் ஒன்று. நம் பகுதியின் செம்புறாங்கல் மண்ணில் இரும்பு மிகுதி. காற்றுப் புகாத நீரடியில் இரும்பு கரையும் வடிவம் பெறும். அளவு மிஞ்சினால் வேரைத் தாக்கும், நீரில் கலந்தால் பாசிக்கு உணவாகும். ஆதலால் தனிச் செம்மண்ணை விடுத்து, எருவும் உரமும் இடாத தோட்ட மண்ணைச் சலித்துப் பயன்படுத்துவதே நன்று. புதுமண் முதல் சில வாரங்கள் அம்மோனியாவை வெளிவிடலாம்; அதுவரை மீன் விட அவசரம் வேண்டாம்.

செடிக்குக் கடையை நாட வேண்டியதும் இல்லை. கடின நீரிலுள்ள பைகார்பனேட்டிலிருந்தே கார்பனைப் பெறவல்ல ஹைட்ரில்லாவும் வாலிஸ்னேரியாவும் நம் நாட்டு நீர்நிலைகளில் வளர்பவை. ஈரநிலத்தில் படரும் நீர்ப்பிரமி, வெளிநாட்டு மீன்தொட்டிக் கடைகளில் விலைக்கு விற்கப்படும் செடி! குளத்திலிருந்து கொணர்ந்த செடியை நன்கு அலசி, சில நாள் தனி வாளியில் வைத்த பிறகே தொட்டியில் நட வேண்டும்.

இதற்கு மறுதலையாக ஓர் எச்சரிக்கையும் தேவை. தொட்டியில் மிகுந்த செடியையும் வளர்ந்துவிட்ட மீனையும் ஊரணியில் விடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த வெங்காயத் தாமரை நம் கண்மாய்களை மூடியதை அறிவோம். 'டேங்க் கிளீனர்' என்று விற்கப்படும் தென் அமெரிக்க மீனும் இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகித் தொல்லை தருகிறது.

முடிவுரை

சுருங்கக் கூறின், வால்ஸ்டாட்டின் கொள்கை எந்நாட்டுக்கும் பொருந்தும். அவருடைய அளவுகள் எந்நாட்டுக்கும் பொருந்தா. அம்மோனியாவைச் செடி உண்ணும் என்பது காரைக்குடியிலும் உண்மையே. எத்தனை மீன், எவ்வளவு நீர் மாற்றம் என்பவற்றை உங்கள் தொட்டியின் வெப்பநிலையும் நீரின் கடினத்தன்மையுமே தீர்மானிக்க வேண்டும். எனவே அழகுப் பொருள்கள் வாங்குமுன் ஒரு வெப்பமானியை வாங்குங்கள். காலையிலும் பிற்பகலிலும் அளந்து, வற்றிய நீரின் அளவையும் சேர்த்து ஓராண்டுக்குக் குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். வெப்ப நாட்டு வீட்டுத் தொட்டிகளைப் பற்றி இந்நூலில் இல்லாத இயலை எழுத உதவும் தரவுகள் உங்களிடமிருந்தே கிடைக்கும்.