அடகா, விற்பனையா?

'பான் ஸ்டார்ஸ்' நிகழ்ச்சியில் கவுன்ட்டருக்கு வருகிறவர்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: அடகு வைக்கிறீங்களா, விக்கிறீங்களா? கிட்டத்தட்ட எல்லோரும் சொல்லும் பதில், "விக்கிறேன்." 2009 ஜூலையில் ஹிஸ்டரி சேனலில் தொடங்கியதிலிருந்து இதே கதைதான். அடகுக் கடையைப் பற்றிய இவ்வளவு பிரபலமான ஒரு நிகழ்ச்சியில் அடகு வைப்பவர்களை மட்டும் காணோம். எனக்கு இந்த நிகழ்ச்சி ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதன் அடிப்படைப் பொய்யும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தெரியாதவர்களுக்காக: லாஸ் வேகாஸில் 1989-இல் ரிச்சர்ட் ஹாரிசனும் மகன் ரிக்கும் ஆரம்பித்த கடை அது. ரிக்கின் மகன் கோரி, கோரியின் பால்யகால நண்பன் சம்லீ இருவரும் அங்கேயே வேலை பார்த்தார்கள். தாத்தா முணுமுணுப்பார், அப்பா கணக்குப் பார்ப்பார், பையன் எதையாவது அதிக விலைக்கு வாங்கித் திட்டு வாங்குவான். குடும்பத் தொழில் நடத்தும் எந்த வீட்டிலும் பார்க்கக்கூடிய சண்டைதான். 2018-இல் தாத்தா இறந்தபோது, சொந்தக்காரர் போன மாதிரி வருத்தப்பட்ட ரசிகர்கள் உண்டு.

நிகழ்ச்சியின் உண்மையான நாடகம் விலை பேசுவதில் இருக்கிறது. பழைய துப்பாக்கி, முதல் பதிப்புப் புத்தகம், நாணயம் என்று ஒருவர் எதையோ கொண்டுவருகிறார். அது அசலா என்று ரிக்குக்குச் சந்தேகம் வந்தால் நிபுணரைக் கூப்பிடுகிறார். தொப்பியும் தாடியுமாக, அருங்காட்சியக நிர்வாகியாக இருந்த மார்க் ஹால்-பேட்டன் வந்து, பொருளின் வரலாற்றைச் சொல்கிறார். வேறு நிபுணர்கள் விலையையும் சொல்கிறார்கள், விற்பவரின் காதுபடவே!

பொருளாதார நிபுணர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிக் கெடுகிறது என்பதைப் பேசுகிறது. அடகுக் கடையில் பெரும்பாலும் இது தலைகீழ். தன் பொருளின் மதிப்பு கொண்டுவந்தவருக்கே தெரியாது, கடைக்காரருக்குத் தெரியும். நிபுணர் வந்ததும் அந்த இடைவெளி மூடுகிறது. அதன் பிறகும் ரிக் பாதி விலைதான் கேட்பார். கடை வாடகை, ஏலக் கமிஷன், எத்தனை நாள் அலமாரியில் கிடக்குமோ என்ற ரிஸ்க் என்று காரணங்களை அடுக்குவார். எல்லாமே நியாயமான காரணங்கள். நாம் தலையாட்டுகிறோம்.

ஒரு எபிசோடில் ஒரு பெண் சிலந்தி வடிவ ப்ரூச் ஒன்றைக் கொண்டுவந்து 2,000 டாலர் கேட்கிறார். அது ஃபாபெர்ஜே நிறுவனத்தின் வேலைப்பாடு என்று ரிக் கண்டுகொள்கிறார். அவராகவே 15,000 டாலர் தருகிறார். செம சீன். ஆனால் நம்மை ஏன் அது நெகிழவைக்கிறது? 2,000-த்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தாலும் வியாபாரத்தில் அது தப்பில்லை என்று நமக்குத் தெரியும். அந்த நேர்மை முழுக்க ரிக்கின் விருப்பத்தைப் பொறுத்தது. கேமரா இல்லாத கடைகளில் அந்தப் பெண் எவ்வளவு வாங்கியிருப்பார்?

இனி, காட்டப்படாத பாதி. அடகு என்பது கடன். வட்டி கட்டி மீட்கலாம். மீட்காவிட்டால் பொருள் போய்விடும், அவ்வளவுதான். 2001 சீசனில் ஜெயித்த நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் வீரர் ஒருவரின் சூப்பர் பவுல் மோதிரம் அப்படித்தான் இந்தக் கடைக்குச் சொந்தமானது. அடகு வைத்தவர் மீட்க வரவில்லை. நம்மூரில் இதற்கு 'மூழ்கிப் போச்சு' என்று ஒரு சொல் இருக்கிறது. மோதிரம் கண்ணாடிக்குப் பின்னால் மின்னுகிறது, அதை வைத்த நாளின் நெருக்கடி மட்டும் எபிசோடாகாது. கடனுக்கு டிவியில் க்ளைமாக்ஸ் கிடையாது. கேமரா மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், கடைசியில் யாரும் வராமலும் போகலாம்.

நம் வட்டிக்கடையில் பாட்டியின் சங்கிலிக்குக் கதை கிடையாது, கிராமும் மாத்தும்தான். வேகாஸில் கதைதான் விலை. இரண்டாவது அழகாகத் தெரிகிறது, ஏனென்றால் அங்கே வருகிறவர் இழக்கத் தயாராக வருகிறார். காசை என்ன செய்வீங்க என்று கேட்டால் சூதாட்டம், டூர் என்று சிரிக்கிறார். முதலாமவர் இழக்கக் கூடாது என்றுதான் கடைக்கே போகிறார். 'பான் ஸ்டார்ஸ்' நல்ல நிகழ்ச்சி, பாருங்கள். அது அருங்காட்சியகத்தைப் பற்றியது, அடகைப் பற்றியது அல்ல என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.