ஈடிபஸும் பேரில்லாத அந்தக் கிழவனும்

சோஃபக்ளிஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுதிய 'ஈடிபஸ் மன்னன்' நாடகத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் ஒரே கேள்விதான் வருகிறது. அப்பனைக் கொன்று அம்மாவைக் கட்டிக்கொண்டது விதியா, அவனாகத் தேடிக்கொண்டதா? 1966இல் ஈ.ஆர். டாட்ஸ், இரண்டில் ஒன்றைச் சொல் என்று கேட்பதே அந்தக்காலக் கிரேக்கருக்குப் பொருந்தாது என்று எழுதினார். சரிதான். ஆனால் பேச்சு ராஜாவை விட்டு நகரவில்லை.

நான் கேட்பது அந்த ஆடு மேய்க்கிற கிழவனைப் பற்றி. நாடகத்தில் அவனுக்குப் பேர்கூட இல்லை. லாயஸ் ராஜா வீட்டு அடிமை; விலைக்கு வாங்கினவனில்லை, அந்த வீட்டிலேயே வளர்ந்தவன். கணுக்காலில் துளை போட்ட பச்சைப்பிள்ளையை யோகாஸ்தா அவன் கையில் கொடுத்து, கொன்றுவிடு என்கிறாள். அவளுக்குக் குறி பலித்துவிடுமே என்கிற பயம். இவனுக்கு மனசு வரவில்லை. கித்தைரோன் மலையில் பக்கத்தில் மேய்த்த கொரிந்துக்காரனிடம் பிள்ளையைக் கொடுத்துவிடுகிறான். அவனும் கூலிக்கு மேய்க்கிறவன்தான்.

அடிமைக்கு யோசித்து முடிவெடுக்கிற திறமை அறவே கிடையாது என்று 'அரசியல்' நூலில் எழுதியவர் அரிஸ்டாட்டில். துன்பியல் நாயகன் பேரும் செல்வாக்கும் உள்ள குடும்பத்தான் என்று 'கவிதையியலில்' சொல்லி ஈடிபஸைக் காட்டுகிறவரும் அவரே. அந்த நாடகத்திலேயே ஒரு அடிமை யோசிக்கிறான், முடிவெடுக்கிறான், எசமானியின் கட்டளையை மீறுகிறான்.

லாயஸ் வழியில் கொலையானபோது தப்பிவந்த ஒரே ஆளும் இவன்தான். பல கொள்ளைக்காரர்கள் கொன்றார்கள் என்று ஊரில் சொன்னான். கதை நகர்வதற்காக வைத்த பொய் என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள், எசமானைச் சாகவிட்டுத் திரும்பின அடிமை, கொன்றது ஒற்றை ஆள் என்று சொன்னால் அவன் கதி என்ன? ஈடிபஸ் ஆட்சிக்கு வந்ததைப் பார்த்ததும் யோகாஸ்தாவின் கையைப் பிடித்துக் கெஞ்சி, ஊர் கண்ணில் படாத மேய்ச்சல் காட்டுக்குப் போய்விட்டான். இதை விதி என்று எப்படிச் சொல்வது? பிழைக்கத் தெரிந்தவனின் புத்தி.

கடைசியில் இழுத்துவந்து நிறுத்துகிறார்கள். வாய் திறக்க மறுக்கிறான். கையைப் பின்னால் முறுக்கிக் கட்டச் சொல்கிறான் ஈடிபஸ். ஆதென்ஸ் சட்டத்தில் அடிமையின் சாட்சியம் சித்திரவதை செய்து வாங்கினால்தான் செல்லும். நாடகம் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த நடைமுறை. தெய்வவாக்கு பலித்தது என்று நாம் படிக்கிற உண்மை, அடிக்குப் பயந்த ஒரு கிழவன் வாயிலிருந்து பிடுங்கியது.

இதைவிட மோசம், நாடகம் அவன் இரக்கத்தையே விதிக்கு ஏவலாளாக்கிவிடுகிறது. சொன்னபடி கொன்றிருந்தால் குறி பொய்த்திருக்கும் அல்லவா! கண்ணைக் குத்திக்கொண்ட ஈடிபஸ், அப்பல்லோ கொண்டுவந்த துன்பம், ஆனால் குத்தியது என் கை என்று பொறுப்பேற்கிறான். எல்லோரும் அந்த இடத்தில் உருகுகிறார்கள். அடுத்தாற்போல், காட்டில் தன் கால்கட்டை அவிழ்த்து உயிர்காத்தவன் நாசமாய்ப் போகட்டும் என்று சபிக்கிறான். காலைக் கட்டிப்போட்ட அப்பனுக்குச் சாபம் கிடையாது.

விசாரணை முடிந்தபின் கிழவன் என்ன ஆனான் என்று நாடகத்தில் ஒரு வார்த்தை இல்லை.