பக்கத்துத் தறியின் பாடம்
சேலம் அம்மாப்பேட்டை, குகைப் பகுதிகளின் நெசவாளர் தெருக்களில், தரைக்குழியில் கால்களை இறக்கி மிதிபலகையை மிதித்து நெய்யும் குழித்தறியில் தொழில் பழகும் சிறுவனுக்குத் தந்தையோடு அடுத்த வீட்டுப் பெரியவரும் ஆசிரியராவார். அவர் முதலில் கற்பிப்பது நெய்வதை அன்று. தறியில் குறுக்கே ஓடும் நாடாவினுள் வைக்கும் சிறு குழலில் ஊடை நூலை, அதாவது குறுக்கு நூலை, ஏற்றும் தார் சுற்றலையும், தீர்ந்த பாவின், அதாவது நெடுக்கு நூலின், ஒவ்வோர் இழையோடும் புதுப்பாவின் இழையைச் சேர்க்கும் பிணைத்தலையுமே. சாம்பல் தொட்ட கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒருமுறை உருள, இரண்டு இழைகளும் முடிச்சின்றி ஒன்றாகின்றன; ஆயிரக்கணக்கான இழைகளைக் கடக்கும்வரை அவ்விரல்களின் கதி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. சிறுவனின் விரலில் இழை நழுவினால், "மெதுவா உருட்டு கண்ணு" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. அந்தப் பொறுமையே அழகு.

விரலினும் அருமையானது அவருடைய செவி. விடியலில் பாவடியில், அதாவது பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்தும் திறந்த வெளியில், பாவு விரித்துத் திரும்பியவர் தம் தறியில் வெண்பட்டு வேட்டி நெய்துகொண்டிருக்கையிலேயே, சுவருக்கு அப்பால் சிறுவன் வீட்டுத் தறியில் நாடாவின் ஓட்டமும் ஊடையை நெருக்கும் அச்சின் அடியும் தாளம் பிசகுவதைக் கேட்டு, இழை அறுந்ததென நிமிராமலே அறிந்து சுவரை இருமுறை தட்டுவார். மறுபுறத்துத் தறி நின்று, இழை முடியப்பட்டு, மீண்டும் ஒலிக்கத் தொடங்கிய பிறகே அவருடைய கால் அடுத்த மிதியில் அழுந்தும்.