அலமாரியும் சார்புநூலும்: அமெரிக்கப் புத்தகக் கடைகளில் அறிவியல் புனைகதைத் தொடர்சார் புதினங்களின் இடச்சுருக்கம்

ஆய்வுச் சுருக்கம்

திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றின் கதையுலகை உரிமம் பெற்று விரித்தெழுதும் அறிவியல் புனைகதைப் புதினங்கள், அமெரிக்கப் புத்தகக் கடைகளில் ஒரு காலத்தில் தமக்கெனத் தனி வரிசைகளைக் கொண்டிருந்தன. அவ்வரிசைகள் இன்று சுருங்கியுள்ளன. இதனை விற்பனைச் செய்தியாக மட்டும் கொள்ளாமல், ஓர் இலக்கிய வகையின் வாசிப்பு முறை குலைவதாகக் கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். நன்னூல் கூறும் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்னும் பாகுபாட்டைத் துணைக்கொண்டு, சுருங்கும் அலமாரியில் வழிநூல் நிலைப்பதும் சார்புநூல் வெளியேறுவதும் விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைகதை, தொடர்சார் புதினம், சார்புநூல், மலிவுப் பதிப்பு, புத்தக விற்பனை, ஸ்டார் டிரெக், ஸ்டார் வார்ஸ்.

முன்னுரை

ஒரு நூல் எவ்வாறு வாசிக்கப்படும் என்பதை அதன் உள்ளடக்கம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அது எந்த அளவில் அச்சிடப்பட்டது, எங்கு விற்கப்பட்டது, எந்த நூலுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது என்பனவும் தீர்மானிக்கின்றன. நூலகமும் பாடத்திட்டமும் மதிப்புரையும் பேணும் இலக்கியத்துக்கு அலமாரி பல தாங்கல்களுள் ஒன்று. ஆனால் நாளிதழ் மதிப்புரையும் கல்விப்புலக் கவனமும் அரிதாகவே கிட்டிய ஓர் எழுத்து வகைக்கு அலமாரியே முதன்மைத் தாங்கலாகிறது. அமெரிக்கத் தொடர்சார் புதினம் அத்தகையது. எனவே அதன் அலமாரி சுருங்கும்போது இழக்கப்படுவது எது என்ற வினா திறனாய்வுக்கு உரியதாகிறது.

தொடர்சார் புதினம்: வகைப்பாடு

ஆங்கிலத்தில் ‘டை-இன்’ என வழங்கப்படும் இவ்வகைக்குள் தன்மையில் வேறுபட்ட இரண்டு வடிவங்கள் அடங்கும். முதலாவது, திரைக்கதையை அப்படியே உரைநடையாக்குவது. இரண்டாவது, திரையில் வராத புதிய கதையை அதே உலகில் அமைப்பது. பவணந்தியாரின் பாகுபாடு இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கப் பயன்படும். முதல்நூலின் முடிபோடு முழுதும் ஒத்து, மரபு அழியாமல் சில வேறுபாடுகளை மட்டும் கொள்வது வழிநூல். முன்னைய நூல்களோடு ஒரு பகுதி ஒத்தும் பிறவற்றில் வேறுபட்டும் நிற்பது சார்புநூல். இலக்கண நூலுக்கு வகுத்த இவ்விதியைப் புனைகதைக்குப் பொருத்துவது உவமை அளவினதே. எனினும் ‘டை-இன்’ என்ற ஒற்றைச் சொல் மறைக்கும் வேறுபாட்டை இது வெளிக்கொணர்கிறது.

1966இல் தொடங்கிய ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடரின் கதைகளை ஜேம்ஸ் பிளிஷ் 1967 முதல் பான்டம் பதிப்பகத்துக்காக உரைநடையாக்கினார். அவை வழிநூல்கள். அவரே 1970இல் எழுதிய ‘ஸ்பாக் மஸ்ட் டை!’ திரையில் வராத கதை. அது சார்புநூல். வீட்டில் ஒளிப்பேழை இல்லாத காலத்தில், பார்த்த கதையை மீண்டும் நுகர வழிநூலே வழி. பிரிட்டனில் 1973இல் தொடங்கிய டார்கெட் வரிசையில் டெரன்ஸ் டிக்ஸ் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட டாக்டர் ஹூ கதைகளை நூலாக்கியது இத்தேவையால்தான். ஒளிப்பேழை பரவியபின் அத்தேவை தளர்ந்தது. சார்புநூலின் தேவை வேறு வகையானது. அது திரை சொல்லாததைச் சொல்ல எழுந்தது.

அலமாரியின் உருவாக்கம்

1939இல் 25 சென்ட் விலையில் தொடங்கிய பாக்கெட் புக்ஸ் நிறுவனம், புத்தகத்தைப் புத்தகக் கடைக்கு வெளியே கொண்டுசென்றது. மருந்துக்கடை, செய்தித்தாள் கடை, தொடர்வண்டி நிலையம் ஆகிய இடங்களில் கம்பித் தாங்கிகளில் மலிவுப் பதிப்புகள் விற்கப்பட்டன. விற்காத படிகளின் அட்டையை மட்டும் கிழித்துப் பதிப்பகத்துக்கு அனுப்பிக் கடைக்காரர் பணத்தைத் திரும்பப் பெற்றார். எஞ்சிய தாள்கள் கூழாக்கப்பட்டன. பேணப்படுவதற்காக அன்றி, படித்துக் கழிக்கப்படுவதற்காக உருவான வடிவம் இது. தொடர்சார் புதினம் இவ்வடிவத்தில்தான் வளர்ந்தது.

பாக்கெட் புக்ஸைத் தன்னுள் கொண்ட சைமன் அண்ட் ஷுஸ்டர் 1975இல் கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் குழுமத்தின் வசமாயிற்று. ஸ்டார் டிரெக்கின் உரிமையாளரான பாரமவுண்ட் ஏற்கெனவே அக்குழுமத்தில் இருந்தது. எனவே 1979இல் ஸ்டார் டிரெக் திரைப்படத்தின் நூல்வடிவம் பாக்கெட் புக்ஸில் வெளிவந்தது இயல்பே. 1981இல் வோண்டா மெக்கின்டயரின் ‘தி என்ட்ரோபி எஃபெக்ட்’ அவ்வரிசையின் முதல் சார்புநூலாக வந்தது. நூல்கள் எண்ணிடப்பட்டன. வால்டன்புக்ஸ், பி. டால்டன் ஆகிய வணிக வளாகக் கடைகளிலும், பின்னர் போர்டர்ஸ், பார்ன்ஸ் அண்ட் நோபிள் ஆகிய பெருங்கடைகளிலும் அறிவியல் புனைகதைப் பிரிவில் ஆசிரியர் பெயர் அகரவரிசைக்குப் புறம்பாகத் தொடர்ப் பெயரால் இவை அடுக்கப்பட்டன.

இவ்வடுக்குமுறைக்கு இரு விளைவுகள் உண்டு. ஒன்று, ஆசிரியர் மறைந்தார். ஹியூகோ, நெபுலா விருதுகளைப் பெற்ற ‘ட்ரீம்ஸ்நேக்’ மெக்கின்டயரின் பெயரில் ஓரிடத்தில் இருக்க, அவரது ஸ்டார் டிரெக் நூல் வேறிடத்தில் இருந்தது. மற்றொன்று, அடுத்தடுத்து நின்ற நூல்கள் ஒன்றையொன்று விளக்கின. ஒரு நூலைத் தேடி வந்த வாசகர் அதன் இரு பக்கமும் இருப்பவற்றைக் கண்டார். பல கைகள் எழுதும் ஒரே நெடுங்கதை என்ற உணர்வை ஊட்டியதில் அந்த வரிசைக்கும் பெரும் பங்குண்டு.

திரை இருண்ட காலங்களின் வளம்

இவ்வகையின் தேர்ந்த ஆக்கங்கள் பல, திரை ஓய்ந்திருந்த காலத்திலோ திரையின் பார்வை எட்டாத இடத்திலோ தோன்றின என்பது கருதத்தக்கது. ஜான் எம். ஃபோர்டின் ‘தி ஃபைனல் ரிஃப்ளெக்ஷன்’ (1984) கிளிங்கன் இனத்தவன் ஒருவனைக் கதைத்தலைவனாக்கி, தொடரின் நாயகர்களைக் கதையின் விளிம்புக்கு நகர்த்தியது. தொலைக்காட்சி பகைவராக மட்டும் காட்டியிருந்த மக்களுக்கு இந்நூல் விளையாட்டும் அரசியலும் குடிமரபும் அளித்தது. டயான் டுவேனின் ‘ஸ்பாக்ஸ் வேர்ல்ட்’ (1988) ஒரு கோளின் நெடிய வரலாற்றையும் நிகழ்கால அரசியல் விவாதத்தையும் மாறிமாறி வரும் இயல்களில் அமைத்தது. இவ்விரண்டும் வழிநூலால் இயலாதவை.

ஸ்டார் வார்ஸில் இது மேலும் தெளிவாகிறது. 1983இல் மூன்றாம் படத்தோடு திரை ஓய்ந்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1991இல் டிமத்தி ஸானின் ‘ஏர் டு தி எம்பயர்’ வெளிவந்து நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. பேரரசு வீழ்ந்தபின் ஆட்சி அமைப்பது எவ்வளவு கடினம் என்ற, படங்கள் தொடாத வினாவை அது எடுத்துக்கொண்டது. டாக்டர் ஹூ 1989இல் நிறுத்தப்பட்டபின், 1991 முதல் 1997 வரை வர்ஜின் பதிப்பகத்தின் ‘நியூ அட்வெஞ்சர்ஸ்’ வரிசை அக்கதையை வளர்ந்தோர்க்கான புதினமாக்கியது. ஸ்டார் டிரெக் நூல்களோ, 2001 முதல், முடிந்துபோன தொலைக்காட்சித் தொடர்களின் கதையைத் தம் போக்கில் இருபது ஆண்டுகள் முன்னெடுத்தன.

சார்புநூல் முதல்நூலுக்குத் திருப்பியளித்ததும் உண்டு. ‘ஹிகாரு’ என்னும் சூலுவின் முதற்பெயர் மெக்கின்டயரின் நூலில் தோன்றி 1991ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் இடம்பெற்றது. பேரரசின் தலைநகருக்கு ஸான் இட்ட ‘கொரஸ்கன்ட்’ என்னும் பெயரைப் பின்வந்த படங்கள் ஏற்றன. பால் கார்னெலின் ‘ஹியூமன் நேச்சர்’ (1995) என்னும் டாக்டர் ஹூ புதினம் 2007இல் தொலைக்காட்சிக் கதையாயிற்று. கிளை வேருக்கு நீர் பாய்ச்சிய நேர்வுகள் இவை.

அலமாரி சுருங்கிய வழிகள்

சுருக்கத்துக்கு ஒற்றைக் காரணம் இல்லை. முதலாவது, கடைகளின் மறைவு. பார்ன்ஸ் அண்ட் நோபிள் தன்வசமிருந்த பி. டால்டன் கடைகளை 2010 தொடக்கத்திற்குள் பெரும்பாலும் மூடியது. வால்டன்புக்ஸைத் தன்னுள் கொண்டிருந்த போர்டர்ஸ் 2011 பிப்ரவரியில் திவால் பாதுகாப்பை நாடி, செப்டம்பருக்குள் எஞ்சிய கடைகள் அனைத்தையும் மூடியது.

இரண்டாவது, வடிவத்தின் தேய்வு. சர்க்கானா புக்ஸ்கேன் கணக்கின்படி, அமெரிக்காவில் மலிவுப் பதிப்புகளின் விற்பனை 2004இல் 13.1 கோடிப் படிகளாக இருந்து 2024இல் 2.1 கோடியாகக் குறைந்தது. பேரங்காடிகளுக்கு நூல் வழங்கும் ரீடர்லிங்க் நிறுவனம் 2025 இறுதியோடு இவ்வடிவத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. ஸ்டார் டிரெக் புதினங்கள் 2010களின் இறுதியிலேயே பெரிய அளவு மென்னட்டைப் பதிப்புக்கு மாறிவிட்டன. விலை ஏறத்தாழ இரு மடங்காயிற்று. மாதந்தோறும் ஒன்று என வாங்கிய வாசகர் தேர்ந்தெடுத்து வாங்க வேண்டியவரானார்.

மூன்றாவது, அடுக்கும் அதிகாரத்தின் இடமாற்றம். 2019இல் எலியட் முதலீட்டு நிறுவனம் பார்ன்ஸ் அண்ட் நோபிளை வாங்கி, ஜேம்ஸ் டான்ட்டைத் தலைவராக்கியது. பதிப்பகங்கள் பணம் கொடுத்து முன்னிடம் பெறும் முறையை அவர் நிறுத்தி, எந்நூலை வைப்பது என்ற முடிவை அந்தந்தக் கடையினரிடம் ஒப்படைத்தார். பொதுநிலையில் இது வரவேற்கத்தக்க சீர்திருத்தமே. ஆனால் மையக் கொள்முதலின் வழக்கத்தால் நிலைபெற்றிருந்த ஒரு வரிசை, இனி அக்கடையில் அதனை விரும்பும் ஒருவர் இருந்தால் மட்டுமே நிலைக்கும்.

எஞ்சிய இடத்தில் எஞ்சுவன

இடம் குறையும்போது எல்லா நூல்களும் ஒரே அளவில் குறைவதில்லை. புதுவரவும், அவ்வாண்டு திரையில் ஓடும் கதையோடு தொடர்புடையனவும் இடம்பெறுகின்றன. பழைய நூல்கள் வெளியேறுகின்றன. தனித்து நிற்கும் புதினத்துக்கு இது இழப்பு. தொடர்ச்சியைச் சார்ந்த புதினத்துக்கோ இது முறிவு. பத்தாம் நூல் இருந்து முதல் ஒன்பதும் இல்லாத வரிசைக்குள் புதிய வாசகர் நுழைவது அரிது.

திரை மீண்டும் ஒளிர்ந்தது இம்முறிவை விரைவுபடுத்தியது. 2014 ஏப்ரலில் லூகாஸ்ஃபிலிம், புதிய படங்களுக்கு வழிவிடும்பொருட்டு, அதுவரை வந்த விரிவுக் கதைகள் அனைத்தையும் ‘லெஜண்ட்ஸ்’ எனப் பெயரிட்டு ஏற்புடைக் கதைமரபிலிருந்து விலக்கியது. ஸ்டார் டிரெக்கில் ‘பிகார்டு’ தொடர் 2020இல் அதே காலப்பகுதியை வேறு விதமாகச் சொன்னது. 2021இல் டேட்டன் வார்டு, ஜேம்ஸ் ஸ்வாலோ, டேவிட் மேக் மூவரும் எழுதிய ‘கோடா’ முந்நூல்கள் இருபதாண்டுப் புதின மரபைக் கதைக்குள்ளேயே முடித்துவைத்தன. திரைக்குரியோர் தம் கதையைத் தாம் விரும்பியவாறு அமைப்பதில் பிழையில்லை. ஆயினும் அதன்பின் புதினத்துக்கு எஞ்சும் வேலை பெரும்பாலும் திரைக் காட்சிகளின் இடைவெளியை நிரப்புவதே. சார்புநூல் மீண்டும் வழிநூலை நோக்கி நகர்கிறது.

இதற்கு மறுப்பாக மூன்று செய்திகளைச் சுட்டலாம். டெல் ரே பதிப்பகம் 2021 முதல் பழைய ஸ்டார் வார்ஸ் புதினங்களுள் சிலவற்றை மறுபதிப்பாக வெளியிடுகிறது. அதே ஆண்டில் தொடங்கிய ‘ஹை ரிபப்ளிக்’ திட்டம் திரை அப்போது தொடாதிருந்த காலத்தைக் களமாகக் கொண்டது. வார்ஹாமர் புதினங்களை வெளியிடும் பிளாக் லைப்ரரி, தன் தாய் நிறுவனமான கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் சொந்தக் கடைகளிலும் அவற்றை விற்கிறது. இவை முக்கியமானவை. எனினும் மறுபதிப்பு தேர்ந்த சிலவற்றையே மீட்கிறது. ‘ஹை ரிபப்ளிக்’ கதைகள் சிறுவர், இளையோர், படக்கதை, பெரியோர் பிரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. வார்ஹாமரோ, அலமாரியைத் தானே உடைமையாகக் கொண்டவர்க்கே அது உறுதி என்பதை மெய்ப்பிக்கிறது.

வாரச் சாகுபடி என்னும் குற்றச்சாட்டு

தொடர்சார் எழுத்தைப் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுவதோடு ஒப்பிட்டு அமெரிக்க அறிவியல் புனைகதை உலகில் 1980கள் முதல் பேசப்பட்டது. இந்நூல்கள் புதிய கற்பனைக்குரிய இடத்தை அடைத்துக்கொண்டன என்பது அக்குற்றச்சாட்டின் மறுபாதி. அதன்படி இன்றைய சுருக்கம் மகிழ்ச்சிக்குரியதாக வேண்டும். ஆனால் விடப்பட்ட இடம் அறியப்படாத அறிவியல் புனைகதை ஆசிரியர்க்கே சென்றது எனக் கொள்ள இயலாது. மாங்கா, காதல்சார் மிகைபுனைவு ஆகியவற்றின் வளர்ச்சியும் அதே கடையின் இடத்தையே வேண்டுகிறது.

உவமையின் உழைப்புசார் பகுதி மட்டும் முற்றிலும் உண்மை. பதிப்புரிமைப் பக்கத்தில் எழுதியவர் பெயருக்கு மாறாகப் படநிறுவனத்தின் பெயரே பெரும்பாலும் இருக்கும். முதல் ஸ்டார் வார்ஸ் படத்தின் நூல்வடிவம் 1976 இறுதியில் ஜார்ஜ் லூகாஸ் பெயரில் வந்தது; எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். உரிமை கைமாறியபின் தமக்கு உரிய பங்குத்தொகை வரவில்லை என 2020 நவம்பரில் அவர் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கத்தின் வழியாக வெளிப்படையாக முறையிட்டார். அச்சுப்படி கடையில் நிற்கும்வரை நூல் விற்பனையில் இருப்பதை ஆசிரியர் தம் கண்ணால் காண்பார். அது மின்னூலாக மட்டும் வாழும்போது அந்தச் சான்றும் மறைகிறது.

முடிவுரை

மின்னூல் இருக்க அலமாரி எதற்கு என்ற வினா எஞ்சுகிறது. மின்கடையின் தேடுபெட்டி பெயர் அறிந்த நூலை நொடியில் தரும். அறியாத நூலைத் தேட அதனால் இயலாது. அங்குள்ள பரிந்துரையோ விற்பதையே மேலும் முன்வைக்கும். ஃபோர்டின் நூலை நாடாதவர் கையிலும் அது அகப்பட்டதற்குக் காரணம், நாடிய நூலின் பக்கத்தில் அது நின்றதே.

அமெரிக்கத் தொடர்சார் புதினம் திரையின் நிழலாக இருந்தபோது விற்றது. திரையின் வழியை விட்டு விலகியபோது இலக்கியமாக வளர்ந்தது. அவ்விலகலுக்கு இடமளித்தது கடையின் ஒரு மூலையில் இருந்த சில அடி மரப்பலகை. அப்பலகை மீண்டும் நீளும் என எதிர்பார்க்கக் காரணம் இல்லை. எனவே இந்நூல்களை ஆசிரியர் பெயரால் மீள அடையாளம் காண்பதும், நூலகங்கள் அவற்றை வரிசை குலையாமல் சேர்ப்பதும், வழிநூலையும் சார்புநூலையும் ஒன்றாக்கி ஒதுக்கும் பழக்கத்தைத் திறனாய்வு கைவிடுவதும் உடனடித் தேவைகளாகின்றன. அட்டை கிழித்துக் கூழாக்கப்படுவதற்கென்றே அச்சான வடிவம் அது. எஞ்சியுள்ள படிகள் நெடுங்காலம் காத்திரா.