எடைக்கல்லைச் செய்தவன் யார்?

தகுதி என்கிறார்கள், திறமை என்கிறார்கள். தேர்வு எனும் தராசிலே எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றுபோலத்தானே நிறுக்கிறோம், இதிலே வஞ்சகம் ஏது என்று வாதாடுகிறார்கள். தராசு ஒன்றுதான், நாம் மறுக்கவில்லை. எடைக்கல்லைச் செய்தவன் யார் என்பதே நமது கேள்வி.

அமெரிக்க நாட்டிலே பிரிகாம் என்றோர் உளநூல் வல்லுநர் இருந்தார்; பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தவர். முதல் உலகப் போரின்போது படைவீரர்களுக்கு வைத்த அறிவுத் தேர்வின் மதிப்பெண்களைக் கொண்டு, வட ஐரோப்பிய இனமே அறிவில் உயர்ந்தது, தென் ஐரோப்பியரும் கிழக்கு ஐரோப்பியரும் கறுப்பரும் தாழ்ந்தோர் என்று 1923இல் நூலே எழுதினார். அந்தத் தேர்வின் கேள்விகள் சிலவற்றைக் கேளுங்கள். இன்ன பேஸ்பால் ஆட்டக்காரர் எதனால் புகழ் பெற்றவர்? கடையில் விற்கும் இன்ன சரக்கு மருந்தா, பற்பசையா, உணவுப் பொருளா? பிழைக்க வந்து குடியேறிய ஏழைக்கு அது எப்படித் தெரியும்? தெரியாததற்கு அவர்கள் இட்ட பெயர் அறிவின்மை!

அதே பிரிகாம்தான் 1926இல் கல்லூரி சேர்க்கைக்கான ‘சாட்’ தேர்வையும் ஆக்கித் தந்தார். ஆனால் 1930இல், தமது இன ஒப்பீட்டுக்கு அடிப்படையே இல்லை என்று தாமே எழுதித் திரும்பப் பெற்றார். அந்த நேர்மைக்குத் தலைவணங்குகிறோம். மனுவின் வாரிசுகள் அப்படி ஒரு வரி எழுதும் நாளுக்கும் காத்திருக்கிறோம்!

இங்கே என்ன நடக்கிறது? நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு 2007இல் சட்டத்தால் விலக்கிற்று. 2017இல் நீட் வந்து புகுந்தது. 2025இல் அத்தேர்வில் 180 வினாக்கள், 180 நிமிடங்கள். நின்று சிந்திப்பவன் தோற்பான், பழக்கப்பட்டவன் வெல்வான். பழக்குவதற்கோ பணமும் வேண்டும், ஆண்டுகளும் வேண்டும். நீதியரசர் ஏ.கே. இராசன் குழு 2021இல் தந்த அறிக்கையைப் பாருங்கள். மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றோரில், மீண்டும் எழுதி வந்தவர்கள் 2016-17இல் நூற்றுக்கு 12 பேர்; 2020-21இல் 71 பேர்! பள்ளியை முடித்த பின்னும் ஓராண்டு பயிற்சி நிலையத்தில் அடைந்து கிடக்க எந்தக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையால் முடியும்? 1953இல் ஆச்சாரியார், அரை நாள் அப்பன் தொழிலைச் செய் என்று வெளிப்படையாகச் சொன்னார்; நாடு கொதித்தெழுந்தது. இன்றைய தேர்வு எதையும் சொல்வதில்லை. கதவைச் சாத்திவிட்டு, உனக்குத் தட்டத் தெரியவில்லை என்று பிள்ளைமேல் பழி போடுகிறது. அந்தத் தகுதிதான் எவ்வளவு புனிதமானது! மேற்படிப்பில் இடங்கள் காலியாய்க் கிடந்ததும், 2023இல் முதுநிலை நீட்டின் தகுதிக் கோட்டைச் சுழியம் பெர்சன்டைலுக்கே இறக்கினார்கள்.

இவ்வளவும் சொல்லி நம் வீட்டுக் குப்பையை மறைத்தால் நாம் பகுத்தறிவாளர் அல்லர். பதினோராம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல், ஈராண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை உருப்போட வைத்த தனியார் பள்ளிகள் நம்மிடையே இருந்தன. அதைத் தடுக்க 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வைத்தோம். தேர்வுநோய்க்கு இன்னொரு தேர்வு மருந்தாம்! 2025இல் அது விலக்கப்பட்டது, நல்லது. ஆனால், நூலில் உள்ள வரியைப் பிறழாமல் ஒப்பித்தால் முழு மதிப்பெண், சொந்தச் சொல்லில் எழுதினால் குறைவு என்றால், பொருளறியாமல் மந்திரம் ஓதுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நீட்டை எதிர்த்து ஊர்வலம் போகும் தோழர்கள், திரும்பும் வழியிலே ஊர்ப் பள்ளிக்கூடத்துள்ளும் நுழையட்டும். ஆய்வுக்கூடத்தின் பூட்டு எத்தனை நாளாய்த் திறக்கப்படவில்லை என்று தலைமையாசிரியரைக் கேட்கட்டும்.