செவிலி மொழியும் சிறார் நூலும்

குழந்தைகட்கு எந்நூலைக் கொடுப்பது என்னும் வினா பெற்றோர்க்கும் பள்ளியாசிரியர்க்கும் உரியதென்றும், பல்கலைக்கழகத் தமிழ்த்துறைக்கு அதன்கண் வேலையில்லை என்றும் கருதுவார் உளர். அக்கருத்துப் பொருந்தாது. நூலின் தகுதியை அளந்து கூறுதல் திறனாய்வாளன் கடமை. படிப்போன் எட்டு வயதினன் என்பதனால் அக்கடமை குறைந்துவிடாது, மிகுதிப்படும். வளர்ந்த வாசகன் பிடிக்காத நூலை மூடிவைத்து வேறொன்றை நாடுவான். குழந்தையோ முதல் இரண்டு மூன்று நூல்களில் சுவை காணாதாயின் படித்தலையே விட்டுவிடும்.

குழந்தை இலக்கியத்தின் வரலாற்றைத் தமிழறிஞர் எழுதியுள்ளனர். கவிமணியின் பாடல்கள், அழ. வள்ளியப்பாவின் தொண்டு, 1950-இல் தோன்றிய குழந்தை எழுத்தாளர் சங்கம் என வரிசைப்படுத்தல் எளிதாகவே நிகழ்கிறது. ஆயினும் இந்நூல் நன்று, இந்நூல் தீது, இன்ன காரணத்தால் என்று கூறும் ஆய்வு அவ்வளவிற்கு வளர்ந்திலது. அதற்குரிய அளவுகோலைத் தேடி அயல்நாடு செல்ல வேண்டுவதின்று. தொல்காப்பியத்தினின்றே ஒன்றைப் பெறலாம் என்பதையும், அதனைக் கொண்டு அண்மைக்கால நூல்கள் சிலவற்றை அளந்து பரிந்துரைக்கலாம் என்பதையும் ஈண்டுக் காண்பாம்.

1. செவிலிக்குரிய கதை

தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையை நான்காக வகுக்கிறது. அவற்றுள் ஒன்று பொருளொடு பொருந்தாத பொய்ம்மொழி. மற்றொன்று பொருளொடு பொருந்திய நகைமொழி. முன்னதற்குப் பேராசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு இன்பம் பயப்பது. யானையும் குருவியும் நட்புக்கொண்டு ஓரிடம் சென்று இன்னவாறு செய்தன என, நடவாத ஒன்றை ஒருவர் வாய்க்கேட்டு ஒருவர் வழிவழியாகச் சொல்லிவரும் கதையை அவர் சுட்டுகிறார். இன்றைய படநூல் ஒன்றின் கதைச் சுருக்கத்தைப் படிப்பது போன்றே உள்ளது!

பின்னர் வரும் நூற்பா உரைநடை வகையுள் ஒன்று செவிலிக்கு உரியது என்றும், மற்றொன்று யாவர்க்கும் விலக்கப்படாதது என்றும் கூறுகிறது. பொய்ம்மொழியும் நகைமொழியுமே செவிலிக்குரியன எனக் கொள்ளுதல் பொருத்தம். அகப்பொருளில் செவிலி பேசுவது பருவமெய்திய தலைமகளிடத்தன்றோ, குழந்தையிடத்தன்றே எனின், அற்றன்று. அத்தலைமகளைப் பாலூட்டிக் கதைகூறி வளர்த்தவளும் அவளே. கதை சொல்லும் உரிமை வளர்த்தவட்கு உரியது என்பதே நூற்பாவின் உட்கிடை.

இதனின்று பெறப்படும் அளவுகோல் ஒன்று உண்டு. குழந்தைக்குரிய கதை ஏட்டில் முடிவதன்று. ஒரு செவிலியின் வாயில் உயிர்பெறுவது. எழுதப் படிக்க அறியாக் குழந்தைக்கு ஆக்கப்படும் படநூல் அவள் கையில் இருப்பது. தானே படிக்கும் சிறாருக்கு ஆக்கப்படும் புதினம், செவிலியை விட்டு நீங்கிய பின் அவள் இடத்தை நிரப்ப வேண்டுவது. ஆதலின் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

2. படநூல்

படநூலில் சொல்லும் ஓவியமும் இருவேறு வேலை செய்தல் வேண்டும். ஓவியம் காட்டியதையே சொல்லும் கூறுமாயின் ஒன்று மிகை. சொல் இடைவெளி விட, அதனைக் குழந்தையின் விரல் ஓவியத்தில் தொட்டு நிரப்புதலே சிறந்த அமைப்பு. சென்னையில் 1996-இல் தொடங்கப்பெற்ற தூலிகா பதிப்பகம் ஒரே படநூலைத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் வெளியிட்டு வருகிறது. அதன் வெளியீடுகளுள் அசோக் ராஜகோபாலன் தாமே எழுதித் தாமே வரைந்த 'கஜபதி குலபதி' முதற்கண் பரிந்துரைக்கத் தக்கது.

கதைப்பொருள் மிகச் சிறிது. பேருருவ யானை ஒன்றுக்குச் சளி பிடிக்கிறது; தும்மல் வருகிறது. பேருருவும் சிறு நோயும் ஆகிய இம்முரணே நகையைப் பிறப்பிக்கிறது. யானையின் பெயரிலேயே இயைபுத் தொடை அமைந்திருத்தலின், அதனைச் சொல்லும்போதே குழந்தையின் நாவு ஆடத் தொடங்குகிறது. அறிவுரை எதுவும் ஒட்டப்படவில்லை. தும்மலை எத்துணை ஓசையுடன் எழுப்புவது என்பது படித்துக் காட்டுவோரின் உரிமை. கோவையில் ஓர் அம்மாயி இதனைப் படித்துக் காட்டினால் யானைக்குச் சுக்குக் கசாயம் காய்ச்சிக் கொடுக்காமல் விடமாட்டார். அங்ஙனம் நூலில் இல்லாத ஒன்றைச் சேர்த்துக் கூற இடந்தருவதே செவிலி நூலின் இலக்கணம்.

இவ்விலக்கணத்திற்கு மாறாக நிற்பன பல. அவற்றுள் பெரும்பிழை மொழிபெயர்ப்பு நடை. நாமே ஒரு தொடரை அமைத்துக் காண்பாம்: 'தன்னுடைய தாயாரால் அவன் அழைக்கப்பட்டான்.' இதில் இலக்கணப் பிழை இல்லை. ஆயின் எந்தத் தாயும் இங்ஙனம் வாய்திறந்து கூறாள். 'அம்மா கூப்பிட்டாள்' என்பது கதை. படித்துக் காட்டும் பாட்டி அதனையும் 'அவிங்கம்மா கூப்புட்டாங்களாமா' என மாற்றிக்கொள்வார். முதல் தொடரை அவரால் மாற்றவும் இயலாது. முழுவதும் கலைத்துப் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். ஆதலின் படநூலை வாங்குவோர் கடையிலேயே ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பார்த்தல் வேண்டும். நாவு தடுக்கும் நூலை விலக்கிவிடலாம்.

தமிழ்நாட்டரசின் பள்ளிக்கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் சிறுநூல்களை 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' எனப் படிநிலைப்படுத்தியது. குழந்தையின் படிப்புத் திறன் வயதைப் பொறுத்ததன்று, பயிற்சியைப் பொறுத்தது என்னும் உண்மை இதன்கண் ஏற்கப்பட்டுள்ளமை பாராட்டத்தக்கது. பெயர்களும் குழந்தையின் உடல் அசைவினின்று எடுக்கப்பட்டவை.

3. சிறார் புதினம்

எட்டு முதல் பன்னிரண்டு வயதினர் தனியே படிக்கத் தொடங்குகின்றனர். அவர் கையிலுள்ள நூலைப் பிறர் வாய்விட்டுப் படிப்பதில்லை. பிறர்க்குச் சொல்லவொண்ணாத அச்சமும் ஐயமும் தோன்றும் பருவமும் அதுவே. நல்ல சிறார் புதினம் அவ்வச்சத்தைப் பகிர்ந்துகொள்ளும் துணையாதல் வேண்டும்.

2020-ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் விருதைப் பெற்ற எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' இவ்வகையில் முதன்மையானது. குழந்தைகள் மீது நிகழும் பாலியல் வன்முறையை அவர்களிடமே பேசத் துணிந்த நூல் இது. இத்தகைய பொருளில் கருத்துக் கதையை விழுங்கிவிடும் இடர் பெரிது. ஆசிரியர் அதனைத் தணிக்கக் கையாண்ட உத்தி பேசும் மரப்பாவை. பெரியோரிடம் கூற நாணுவதைப் பாவையிடம் குழந்தை கூறும். தலைமுறை தலைமுறையாக வீட்டிலிருக்கும் பொருளாதலின் மரப்பாச்சி பாட்டியின் நீட்சியாகவும் நிற்கிறது. நீங்கிய செவிலி பாவையாக மீண்டாள் எனலாம். இந்நூலைக் குழந்தையிடம் கொடுத்து ஒதுங்கிவிடாமல், பெற்றோர் முன்னரே படித்து, குழந்தை கேட்கும் வினாவிற்கு விடைகூற அணியமாக இருத்தல் வேண்டும்.

2023-இல் அவ்விருதைப் பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியைக் களமாகக் கொண்டது. இக்காலச் சிறுவன் பண்டைக்காலச் சிறுவனைக் காணும் அமைப்பினது. ஆதன் என்னும் பெயர் கீழடிப் பானை ஓட்டிலிருந்து வந்தது. அகழாய்வுச் செய்தியைப் பாடமாக்காமல் நட்பாக்கியதே இதன் சிறப்பு. வரலாறு என்பது அரசர் பட்டியலன்று, தன்னையொத்த சிறுவன் விளையாடிய இடம் என்னும் உணர்வைத் தரும் நூல் சிறார்க்குக் கட்டாயம் வேண்டும். 2025-இல் அவ்விருதைப் பெற்ற விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' கற்பனை வழிச் செல்வது. தலைப்பிலேயே ஒரு வினா எழுகிறது: ஒற்றைச் சிறகால் பறத்தல் யாங்ஙனம்? படிப்போனை முதற்பக்கம் திறக்கச் செய்ய அவ்வினா போதும்.

விருது பெற்றமையால் இவற்றைப் பரிந்துரைக்கவில்லை. செவிலி நீங்கிய இடத்தில் பாவையாகவோ தோழனாகவோ விந்தையாகவோ ஒரு துணையைச் சிறார்க்கு இவை தருகின்றன என்பதே காரணம்.

4. கொங்குநாட்டுக் கடன்

இனி நம் நாட்டகத்து நிலையைக் காண்பாம். ஈரோட்டுப் பகுதியில் மொடக்குறிச்சிக்கு அண்மையிலுள்ள மஞ்சக்காட்டுவலசில் 1908-இல் தோன்றி, பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியப் பணிபுரிந்தவர் பெரியசாமித் தூரன். பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியத்தை 1954 முதல் 1968 வரை பதிப்பித்த அப்பெருமகனார், அத்துடன் ஓய்ந்தாரில்லை. 1968 முதல் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் பத்துத் தொகுதிகளாக ஆக்கினார். பெரியோர்க்குச் செய்த அளவிலேயே சிறியோர்க்கும் செய்தார் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

தூரனின் 'கொல்லிமலைக் குள்ளன்', 'சங்ககிரிக் கோட்டையின் மர்மம்' ஆகிய சிறார் கதைகளின் பெயர்களே கொங்கு நிலத்தைக் காட்டுவன. 'காற்றில் வந்த கவிதை' என்னும் நாட்டுப்பாடல் தொகுப்பும், 'குழந்தை உள்ளம்' என்னும் உளவியல் நூலும் அவர் செவிலியின் வாய்மொழியையும் கேட்போன் மனத்தையும் ஒருங்கே அறிந்தவர் என்பதற்குச் சான்று. அவர்தம் நூல்கள் இன்று பொதுவுடைமை ஆகியுள்ளன. விக்கிமூலத்தில் எவரும் விலையின்றிப் படிக்கலாம். ஆயினும் புதிய ஓவியத்துடன் சிறார் கைக்கு ஏற்ற பதிப்பு வருதல் வேண்டும்.

பெரியோர்க்குரிய புதினத்தில் ஆர். சண்முகசுந்தரம் 1942-இலேயே 'நாகம்மாள்' வழியாகக் கொங்குப் பேச்சைப் புகுத்தினார். பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000-இல் வெளிவந்தது. கனடா நாட்டு மானிடவியலார் பிரெண்டா பெக், காங்கயப் பகுதியில் 1960-களில் கேட்டுப் பதிவுசெய்த அண்ணன்மார் கதையைப் பின்னாளில் 26 பகுதிகள் கொண்ட அசைவுப் படமாகவும் படக்கதையாகவும் ஆக்கினார். அயல்நாட்டார் ஒருவர் நம் உடுக்கடிக் கதையைச் சிறார்க்குப் படமாக்கியமை மகிழ்ச்சிக்குரியது. நாம் எண்ணிப் பார்த்தற்கும் உரியது.

தடாகம் பள்ளத்தாக்கில் வாழும் குழந்தைக்கு யானை கோயில் வாயிலில் நிற்பது மட்டுமன்று. இரவில் தோட்டத்திற்குள் வருவதும் ஆகும். அக்குழந்தையின் யானைக்கதை எழுதப்படல் வேண்டும். நொய்யற்கரைக் கொடுமணலில் மணி செய்தோர் வாழ்ந்தனர். அவ்வூர்ப் பானை ஓடுகளிலும் ஆதன் என்னும் பெயர் காணப்படுகிறது. கீழடி ஆதனைப் படித்த சிறுவன், கொடுமணல் ஆதனைப் பற்றியும் கேட்பானன்றோ?

எம் முதுகலை வகுப்பில் ஒருநாள், நீவிர் முதன்முதல் கேட்ட கதை யாது என வினவினேம். பாட்டியின் பெயரைக் கூறினர், அப்புச்சியைக் கூறினர். அச்சிட்ட நூலின் பெயரைக் கூறினார் ஒருவரும் இலர். அவர்தம் பிள்ளைகள் ஆங்கிலவழிப் பள்ளியிற் படிப்பாராயின், அம்மாயி வாய்மொழி ஒன்றே அப்பிள்ளைகட்குத் தமிழாக எஞ்சும். அவ்வாய்மொழியும் ஓய்ந்தபின் அதனைத் தாங்கி நிற்க நூல் வேண்டும்.

5. முடிபு

தமிழ்த்துறைகள் இரண்டு செய்தல் வேண்டும். ஆண்டுதோறும் வெளிவரும் சிறார் நூல்களைக் குறைநிறை கூறி ஆராய்ந்து வெளியிடுதல் ஒன்று. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்திலுள்ள படக்கதைகள், எவரும் மொழிபெயர்க்கவும் மாற்றிச் சொல்லவும் உரிமம் தருவன. முதுகலை மாணவர் அவற்றைத் தம் ஊர்ப் பாட்டியரிடம் படித்துக் காட்டி, அவர் சொல்லும் முறையைக் கேட்டு எழுதுதல் மற்றொன்று. அவ்வேடுகள் ஆய்வுக்கும் பயன்படும், குழந்தைக்கும் பயன்படும்.

பொய்ம்மொழிக்கும் நகைமொழிக்கும் இலக்கணத்தில் இடந்தந்தார் தொல்காப்பியர். யானையும் குருவியும் நட்பாடிய கதையை உரையுள் பொதிந்து வைத்தார் பேராசிரியர். அவர்கட்கு இழுக்காகாத ஒன்று நமக்கு இழுக்காகாது என்பதே எம் துணிபு.