மெரியோனின் வானத்தில் பறவைகள்

பழைய எட்சிங் சேகரிப்பவர்கள் ஒரு தாளைக் கையில் எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனையாவது நிலை?" என்பது. படத்தில் இருப்பது ரோமின் கொலோசியமா, பாரிஸின் நோத்ர தாமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

விஷயம் இதுதான். செம்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போட்டால் கீறிய இடம் மட்டும் அரித்துப் பள்ளமாகும். பள்ளத்தில் மை ஏற்றி, ஈரத் தாளை வைத்து அழுத்தினால் படம் கிடைக்கும். பத்துப் பிரதி எடுத்த பிறகு கலைஞருக்குத் தோன்றினால் அதே தகட்டில் ஒரு மேகத்தைச் சேர்த்து மறுபடி அச்சடிக்கலாம். முதல் பத்தும் ஒரு நிலை, அடுத்து வருவது இரண்டாம் நிலை. எவ்வளவு முந்தைய நிலையோ அவ்வளவு மதிப்பு என்பது சேகரிப்பாளர்கள் மத்தியில் ஏறக்குறைய சட்டம் மாதிரி.

இந்தச் சட்டத்தோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. காரணம் ஷார்ல் மெரியோன் (1821–1868).

மெரியோன் பிரெஞ்சுக் கடற்படையில் அதிகாரியாக இருந்தவர், நியூசிலாந்து வரை போய் வந்தவர். ஓவியராக ஆசைப்பட்டார், ஆனால் அவருக்கு நிறக்குருடு. அதனால் கறுப்பு வெள்ளையான எட்சிங் பக்கம் வந்தார். 1850 முதல் 1854 வரை அவர் செய்த பாரிஸ் காட்சிகள்தான் அவருடைய பெயரை நிறுத்தின. 1858-ல் சாரன்டோன் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், அடுத்த ஆண்டு வெளியே வந்தார். பழைய தகடுகளில் பெரிய மாற்றங்கள் செய்தது அதன் பிறகு. கடைசியில் அதே சாரன்டோனில் இறந்தார்.

சேகரிப்பாளர்கள் சொல்லும் கதை சுலபமானது: 1854 வரை மேதை, அப்புறம் பைத்தியம். முந்தைய நிலைகளை வாங்கு, பிந்தையதை விடு. இதில் பாதி நியாயம்தான். அச்சடிக்க அடிக்கத் தகடு தேயும், நுண்ணிய கோடுகள் மங்கும். முதல் பிரதிகளின் கருமை பின்னால் வராது. ஆனால் தேய்மானத்தைப் பற்றிய இந்தப் பேச்சு எப்போது ரசனையைப் பற்றிய தீர்ப்பாக மாறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1854-ல் வந்த போன்-ஒ-ஷான்ஜ் பாலக் காட்சியை எடுத்துக்கொள்வோம். முந்தைய நிலைகளில் வானத்தில் ஒரு பலூன் மிதக்கிறது. அதில் 'ஸ்பெரான்சா' என்று எழுதியிருக்கும். இத்தாலிய மொழியில் நம்பிக்கை என்று அர்த்தம். கீழே ஆற்றில் ஒரு மனிதன் மூழ்கிக்கொண்டிருக்கிறான். பிந்தைய நிலைகளில் அந்தப் பலூன் போய்விட்டது. அந்த இடத்தில் பெரிய பெரிய பறவைகள் கூட்டமாக இறங்குகின்றன.

பாரிஸ் வானத்தில் இத்தனை கழுகுகள் இருப்பது நம்பும்படியாக இல்லையே என்று பொதலேர் அவரிடமே கேட்டிருக்கிறார். மெரியோனின் பதில்: பேரரசரின் ஆட்கள் சகுனம் பார்க்கக் கழுகுகளைப் பறக்கவிட்டிருக்கிறார்களே! பொதலேர் 1860-ல் ஒரு கடிதத்தில் இதை எழுதியிருக்கிறார். பதிலில் மனக்கலக்கம் தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் கழுகு மூன்றாம் நெப்போலியனின் அரசுச் சின்னம் என்பதையும் சேர்த்துப் படித்தால் அது வெறும் உளறலாகத் தெரியவில்லை.

இன்னொன்று. செம்பில் ஒரு கோட்டை அழிப்பது பென்சில் கோட்டை அழிப்பது போல இல்லை. சுரண்ட வேண்டும், தேய்த்து மழமழப்பாக்க வேண்டும், பள்ளமான இடத்தைத் தகட்டின் பின்பக்கமிருந்து தட்டிச் சமப்படுத்த வேண்டும். பிறகு புதிதாகக் கீற வேண்டும். திடீரென்று வந்த வெறியில் செய்கிற வேலையா இது? நம்பிக்கை என்று பெயர் எழுதிய ஒன்றை நிதானமாகச் சுரண்டி எடுத்திருக்கிறார் அந்த மனிதர்.

"ஆனால் கட்டடத்துக்கு உண்மையாக இல்லையே" என்பார்கள். முந்தையவை மட்டும் உண்மையா என்ன? 1850-ல் செய்த 'சின்னப் பாலம்' படத்தில் நோத்ர தாமின் கோபுரங்களை, அந்தக் கரையிலிருந்து தெரியக்கூடியதைவிட உயர்த்தித்தான் போட்டிருக்கிறார். எல்லோரும் தேடும் 'ஸ்த்ரீஜ்' (1853) படத்தில் நகரத்தை வெறித்துப் பார்க்கும் அந்தக் கல் பூதம் இடைக்காலத்துச் சிற்பமே இல்லை. வியோலே-லெ-துக் நடத்திய புதுப்பிப்புப் பணியில் வைத்தது. மெரியோன் வரைந்தபோது அதற்குச் சில வயதுதான். பழமை என்று நாம் சுவரில் மாட்டிக்கொள்வது அன்றைக்குப் புத்தம் புதுசு.

பாலத்தின் கதை இதைவிட விசேஷம். இன்று நிற்கும் போன்-ஒ-ஷான்ஜ் 1858–60-ல் கட்டியது. மெரியோன் வரைந்த பாலம் இடிபட்டுவிட்டது. நகரத்தை ஓஸ்மான் உடைத்து அடுக்கிக்கொண்டிருந்த காலம் அது. பறவைகள் தகட்டில் வந்து இறங்கியதும் ஏறக்குறைய அப்போதுதான். பழைய பாலம் இல்லாமல் போன பாரிஸில், அதே பாலத்தின் தகட்டை எடுத்துவைத்து அதன் வானத்தை மாற்றுகிறார் ஒருவர். இதைக் கெட்டுப்போன நிலை என்று எப்படித் தள்ள முடியும்?

அதற்காகப் பிந்தைய மெரியோன் எல்லாமே உயர்வு என்று சொல்ல வரவில்லை. 1865-ல் செய்த கடற்படை அமைச்சகப் படத்தில் வானத்திலிருந்து மீன்களும் குதிரைகளும் தேர்களும் பாய்ந்து வருகின்றன. எனக்கு அது ஒட்டவில்லை. மேலே ஒரு கனவு, கீழே ஒரு அலுவலகக் கட்டடம், இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. பாலத்தில் அப்படி இல்லை. ஆற்றில் மூழ்குகிறவன் இருப்பதால் மேலே வருகிற எதுவும் அவனுக்காக வருவதாகவே ஆகிவிடுகிறது.

என்னிடம் மெரியோனின் அசல் எதுவும் கிடையாது. திரையில் பெரிதாக்கிப் பார்ப்பவன்தான். ஆனால் அதில் ஒரு வசதி உண்டு: அருங்காட்சியகங்கள் வலையேற்றியிருக்கும் நிலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பார்க்கிறவர்கள் முதலில் வானத்தை விட்டுவிட்டு ஆற்றில் கிடப்பவனைப் பாருங்கள். முதலில் பலூனோடு, பிறகு பறவைகளோடு. அவன்மேல் ஒரு கோடுகூட மாற வேண்டியதில்லை, ஆனாலும் இரண்டாவது தடவை அவன் வேறு ஆள்.